மலையேறி வந்ததல்ல அந்த விம்பிள்டன்

நோவாக் ஜோகோவிச்சின் 2018ஆம் ஆண்டைப் பற்றிய கதை டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். ஜூன் 5 அன்று பாரிஸில், பிரெஞ்சு ஓப்பன் காலிறுதியில், தரவரிசையில் 72ஆம் இடத்தில் இருந்த இத்தாலியர் மார்கோ செக்கினாட்டோவிடம் அவர் தோற்றார். முகம் இறுகிப்போய்ச் செய்தியாளர்கள் முன் உட்கார்ந்தவர், புல்தரைப் போட்டிகளில் ஆடுவேனா என்றே தெரியவில்லை என்றார். பிறகு மனைவி யெலெனாவுடன் பிரான்ஸின் மலைகளில் ஐந்து நாள் நடந்தார். சாந்த் விக்டுவார் மலையுச்சியில் உட்கார்ந்து கீழே விரிந்து கிடந்த உலகத்தைப் பார்த்தார். இழந்த நம்பிக்கை திரும்பி வந்தது. ஜூலை 15 அன்று விம்பிள்டன் கோப்பை அவர் கையில் இருந்தது.

இந்தக் கதையின் சம்பவங்கள் எல்லாமே நடந்தவை. அவற்றைக் கோத்திருக்கும் காரணம்தான் தவறு. ஜூன் 5 அன்று உடைந்துபோய் நின்ற ஒருவரை ஒரு மலை ஒட்டவைத்தது என்று நம்புவதற்கு, அதற்கு முந்தைய எட்டு வாரங்களில் களிமண் தரையில் நடந்ததை மொத்தமாக மறக்க வேண்டியிருக்கிறது. அப்படித்தான் மறந்திருக்கிறோம். மறந்ததன் விளைவாக, ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்தால் யாரோ ஓர் ஆட்டக்காரர் மீது அதே தவறான அளவுகோலை வைத்து அளக்கிறோம்.

அந்த அளவுகோலை அதன் ஆதரவாளர்கள் சொல்கிறபடியே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஆட்டம் மறந்துபோவதில்லை; சரிவது மனம்தான். நம்பிக்கை திரும்பினால் ஆட்டம் தானாகத் திரும்பும். நம்பிக்கையைத் தருவது வெற்றி. எனவே ஃபார்மில் இல்லாத ஒருவர் களிமண் பருவத்துக்குள் போவது ஆபத்து: அங்கே ஆட்டங்கள் நீளும், அந்தத் தரையிலேயே பிறந்து வளர்ந்த ஸ்பானியர்களும் அர்ஜென்டினர்களும் காத்திருப்பார்கள், தோல்விமேல் தோல்வி சேரும், மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போகும். புத்திசாலி என்றால் ஓய்வெடுத்துக்கொண்டு புல்தரைக்கு வரவேண்டும். தொலைக்காட்சி வர்ணனையிலும் பத்திரிகைப் பத்திகளிலும் இதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகவே சொல்கிறார்கள்.

நான் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன். நம்பிக்கை முதலில் வருவதில்லை. உடம்பும் கால்களும் சரியான முடிவை எடுக்கும் பழக்கமும் திரும்பிய பிறகு, கடைசியாக வந்து சேர்வது அது. அவற்றைத் திருப்பிக் கொண்டுவர டென்னிஸ் ஆண்டில் இருக்கும் மிக நல்ல காலம் களிமண் பருவம்தான். அந்த வேலை பெரும்பாலும் தோல்விகளின் வழியாகவே நடக்கிறது.

2018இன் வசந்தத்துக்குப் போவோம். 2016 ஜூனில் பிரெஞ்சு ஓப்பனை வென்றபோது நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களும் ஒரே நேரத்தில் ஜோகோவிச்சிடம் இருந்தன. அதன் பிறகு வலது முழங்கை தொல்லை கொடுக்கத் தொடங்கியது. 2017 விம்பிள்டன் காலிறுதியில் தோமாஷ் பெர்டிச்சுக்கு எதிராகப் பாதியில் வெளியேறி, அந்த ஆண்டின் மிச்சத்தை முழுதாக விட்டுக்கொடுத்தார். கத்தி வைக்காமல் குணமாக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஓய்வு முடிந்து, முழங்கையைக் காப்பாற்றுவதற்காகச் சுருக்கிய சர்வ் வீச்சோடு 2018 ஜனவரியில் மெல்போர்னுக்கு வந்தார். நான்காவது சுற்றில் தென்கொரியாவின் சங் ஹியானிடம் நேர் செட்களில் தோற்றார். அதற்குப் பிறகே அறுவைசிகிச்சைக்குச் சம்மதித்தார். சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே, இன்னும் சில வாரம் பொறுத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றக்கூடிய நேரத்தில், மார்ச் மாதம் இந்தியன் வெல்ஸில் இறங்கினார். தரவரிசையில் 109ஆம் இடத்தில் இருந்த டாரோ டேனியலிடம் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. அடுத்து மயாமியில் பெனுவா பேரிடம், அதுவும் முதல் ஆட்டத்தில். பயிற்சியாளர்கள் ஆண்ட்ரே அகாசியும் ராடெக் ஸ்டெபானெக்கும் அடுத்தடுத்து விலகினார்கள்.

அப்போது எழுதப்பட்டவை நினைவிருக்கும். பசி போய்விட்டது, மனைவி மக்கள் என்று ஆகிவிட்டார், மனத்தில் தீ இல்லை. ஒரு மனிதரின் முழங்கையில் சில வாரங்களுக்கு முன்புதான் கத்தி வைத்திருக்கிறார்கள். உலகமோ அவருடைய மனத்தைக் குடைந்து கொண்டிருந்தது.

ஏப்ரலில் அவர் செய்தது என்ன? 2006 முதல் 2017 வரை தன்னோடு இருந்த ஸ்லோவாக்கியப் பயிற்சியாளர் மரியன் வைடாவைத் திரும்ப அழைத்தார். மான்டே கார்லோவில் தொடங்கினார். முதல் ஆட்டத்தில் சக செர்பியர் துஷான் லயோவிச்சை 6-0, 6-1 என்று நொறுக்கினார். வெற்றிதான் நம்பிக்கை தரும் என்றால், இப்படி ஒரு வெற்றி மூட்டை மூட்டையாகத் தந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஆட்டத்தில் போர்னா சோரிச்சை முடிக்க அவருக்குப் பத்து மேட்ச் பாயின்ட் தேவைப்பட்டது. வென்ற ஆட்டத்திலேயே கை நடுங்கியது. எளிய வெற்றி அவருக்கு எதையும் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. மூன்றாவது சுற்றில் டொமினிக் தீம் அவரை மூன்று செட்டில் தோற்கடித்தார். முதல் செட்டை டை-பிரேக்கில் எடுத்தது ஜோகோவிச்தான். அடுத்த இரண்டு செட்டுக்குக் கால்கள் உடன்படவில்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு அந்த ஆண்டின் மிக முக்கியமான முடிவாகப் படுகிறது. வீட்டுக்குப் போகவில்லை. சிறப்பு அனுமதி பெற்று பார்சிலோனா போட்டியில் நுழைந்தார். அங்கே தரவரிசையில் 140ஆம் இடத்தில் இருந்த மார்ட்டின் கிளிசானிடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். பட்டியலைப் படிப்பவர்களுக்கு அது அவமானம். ஆனால் பன்னிரண்டு கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்ற ஒருவர், தோற்க நேரலாம் என்று நன்றாகத் தெரிந்தும், ஓர் ஆட்டமாவது கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று இன்னொரு ஊருக்குப் போகிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை. நம்பிக்கை இழந்தவர் செய்கிற காரியமா அது? வெற்றியை மட்டும் தேடுபவர் தோல்விக்கு அடுத்த வாரம் ஒளிந்துகொள்வார். ஆட்டத்தைத் தேடுபவர்தான் பார்சிலோனாவுக்குப் போவார்.

மாட்ரிட்டில் கெய் நிஷிகோரியை வென்று, அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதி வரை போயிருந்த கைல் எட்மண்டிடம் மூன்று செட்டில் தோற்றார். ரோமில் நான்கு ஆட்டம் வென்றார். அந்த நான்காவது, மறுபடியும் நிஷிகோரிக்கு எதிரான காலிறுதி, நின்று பார்க்க வேண்டிய ஆட்டம். முதல் செட் 2-6. மார்ச் மாத ஜோகோவிச் அதற்குப் பிறகு எழுந்திருக்க மாட்டார். மே மாத ஜோகோவிச் 6-1, 6-3 என்று முடித்தார். அரையிறுதியில் ரஃபேல் நடால். அந்தப் பருவத்தில் மான்டே கார்லோ, பார்சிலோனா, ரோம், பாரிஸ் நான்கையும் வென்ற நடால். ஜோகோவிச் 6-7, 3-6 என்று தோற்றார். அந்த முதல் செட்டில் இரண்டு பழைய எதிரிகளும் சமமாக நின்று அடித்துக்கொண்டதைப் பார்த்த பிறகும் ஒருவர் 'இவர் முடிந்துவிட்டார்' என்று எழுத முடிந்தது என்றால், அவர் ஸ்கோரைப் பார்த்தார், ஆட்டத்தைப் பார்க்கவில்லை.

பாரிஸில் மேலும் நான்கு வெற்றி. ராபர்ட்டோ பாட்டிஸ்டா அகுட்டுடன் நான்கு நீண்ட செட், பெர்னாண்டோ வெர்டாஸ்கோவை நேர் செட்டில். பிறகு செக்கினாட்டோ. முதல் இரண்டு செட்டை இழந்தபின் மூன்றாவதை 6-1 என்று எடுத்தார். நான்காவதில் முன்னிலை பெற்று, அதை இழந்து, டை-பிரேக்கில் செட் பாயின்ட்கள் கிடைத்தும் 11-13 என்று விட்டார். செக்கினாட்டோ அன்று வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டத்தை ஆடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்; அவர் அடித்த டிராப் ஷாட்களும் ஒற்றைக் கை பேக்ஹேண்டும் எந்த ஆண்டின் ஜோகோவிச்சையும் திணறடித்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மூன்று போட்டிகளில் மூன்று வெற்றி, மூன்று தோல்வி. களிமண் பருவத்தில் ஐந்து போட்டிகளில் பதினோரு வெற்றி, ஐந்து தோல்வி. முதல் மூன்று போட்டிகளில் மூன்று வெற்றி, கடைசி இரண்டு போட்டிகளில் எட்டு. இது சரிவின் கோடு என்று எந்தக் கண் பார்த்தாலும் சொல்லாது. பாரிஸுக்குப் பிறகு அவர் தரவரிசையில் 22ஆம் இடத்துக்கு இறங்கியதை எல்லோரும் சுட்டிக்காட்டினார்கள். தரவரிசை என்பது கடந்த 52 வாரப் புள்ளிகளின் கூட்டல். அவர் ஆடாமல் வீட்டில் இருந்த மாதங்களின் தண்டனை அது. ஜூனில் அவர் எப்படி ஆடினார் என்பதை அது சொல்லாது.

இனி மலைக்கு வருவோம். அந்த நடைப்பயணம் தனக்கு உதவியது என்று ஜோகோவிச்சே எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. தோல்வியால் களைத்த மனிதருக்கு மலைக்காற்றும் மனைவியின் துணையும் ஆறுதல்தான். ஆனால் மலையிலிருந்து இறங்கிய பிறகு அவர் ஆடிய முதல் போட்டி லண்டன் குயீன்ஸ் கிளப். அதன் இறுதியாட்டத்தில் மரின் சிலிச்சுக்கு எதிராக முதல் செட்டை வென்று, இரண்டாவதில் மேட்ச் பாயின்ட் வரை வந்து, தோற்றார். பாரிஸில் தவறியது போலவே லண்டனிலும் முடிக்க வேண்டிய கட்டத்தில் தவறினார். மலையுச்சியில் நம்பிக்கை முழுதாகத் திரும்பியிருந்தால் அந்த மேட்ச் பாயின்ட் எங்கே போயிற்று? மலைக் கதையைச் சொல்பவர்கள் குயீன்ஸைச் சொல்லாமல் தாண்டிப் போவது ஏன் என்று புரிகிறது. அது கதையில் பொருந்தாது.

என் விளக்கத்தில் அது பொருந்துகிறது. முழங்கை குணமானது முதலில். கால்கள் வந்தது அடுத்து, மான்டே கார்லோவிலிருந்து மாட்ரிட் வரை. பந்துக்குப் பந்து சரியான முடிவெடுக்கும் பழக்கம் வந்தது ரோமில். பெரிய ஆட்டத்தின் கடைசிப் பாயின்ட்டை முடிக்கும் துணிவு எப்போதும் கடைசியில்தான் வரும். அதற்குப் பெரிய ஆட்டங்களின் கடைசிப் பாயின்ட்களை ஆடிப் பார்த்திருக்க வேண்டும். செக்கினாட்டோவிடம் ஒன்று, சிலிச்சிடம் ஒன்று என்று அவர் ஆடிப் பார்த்தார். விம்பிள்டன் அரையிறுதியில் நடால் எதிரே வந்தபோது, மூன்றாவது செட் டை-பிரேக்கில் செட் பாயின்ட்களைக் காப்பாற்றி 11-9 என்று வென்றார். இரண்டு நாளாக, ஐந்தே கால் மணி நேரம் நடந்த ஆட்டத்தை ஐந்தாவது செட்டில் 10-8 என்று முடித்தார். மே மாதம் ரோமில் டை-பிரேக்கை இழந்தது இதே எதிராளியிடம்தான். கெவின் ஆண்டர்சனுக்கு எதிரான இறுதியாட்டம் அதற்குப் பிறகு ஒரு சடங்காகவே முடிந்தது. ஆண்டு முடியும்போது அவர் உலகின் முதலிடத்தில் இருந்தார்.

ஏன் களிமண்? இதற்குத் தரையையே பார்க்க வேண்டும். பிரெஞ்சு ஓப்பன் தரையின் மேலே நாம் பார்க்கும் செந்நிறம் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கல் தூள்தான். அதன்கீழே நொறுக்கிய சுண்ணாம்புக்கல், கரிக்கசடு, அடியில் ஜல்லி. அந்தத் தூளில் பந்து மோதும்போது அதன் வேகத்தை உராய்வு பிடித்து இழுக்கிறது. பந்து மெதுவாகி உயரமாக எழும்புகிறது. மற்றத் தரைகளில் ஏஸ் ஆகிவிடும் சர்வ் இங்கே திரும்பி வருகிறது. முடிந்துவிட்டது என்று நினைத்த ஃபோர்ஹேண்ட் இங்கே இன்னொரு முறை அடிக்கப்பட வேண்டியதாகிறது. இலவசமாகக் கிடைக்கும் புள்ளிகள் குறைவு. ஒவ்வொரு புள்ளியையும் கட்ட வேண்டும்: எதிராளியை எந்த மூலைக்குத் தள்ளுவது, எந்தப் பந்தில் முன்னே வருவது, எப்போது டிராப் ஷாட், எப்போது பொறுமை.

சர்வ் வீச்சை மாற்றிக்கொண்டு, முழங்கையை நம்பாமல் ஆடும் ஒருவருக்கு இது தண்டனை என்று சொல்வார்கள். எனக்கு அது வரமாகவே தெரிகிறது. கடினத்தரையில் சர்வ் பலவீனமானவர் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்: தனக்கு இலவசப் புள்ளி இல்லை, எதிராளிக்கு இருக்கிறது. களிமண் அந்த இடைவெளியைச் சுருக்குகிறது. ஜோகோவிச் ரிட்டர்னையும் கால்களையும் வைத்து ஆட்டத்துக்குள் நிற்க முடிந்தது அதனால்தான். சர்வ் தேறிவரும்வரை அவரை ஆட்டத்தில் வைத்திருந்தது அந்தத் தரை.

கால்களைப் பற்றி ஒன்று. களிமண்ணில் பந்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போய், சறுக்கல் முடியும் கணத்தில் அடித்து, அதே வேகத்தில் நடுவுக்குத் திரும்ப வேண்டும். எத்தனை அடி முன்னால் சறுக்கத் தொடங்குவது என்பது கணக்குப் போட்டு வருவதில்லை. பல மாதம் ஆடாதவர்களுக்கு முதலில் மறந்துபோவதும் அதுதான். பயிற்சித் திடலில் ஆயிரம் பந்து அடித்தாலும், பிரேக் பாயின்ட்டில், காற்று வீசும்போது, எதிராளி திசையை மறைத்து அடிக்கும்போது எங்கே சறுக்குவது என்பது ஆட்டத்தில்தான் திரும்பி வரும். நீச்சல் மறந்தவர் கரையில் உட்கார்ந்து கையை வீசிப் பார்த்துப் பயனில்லை.

அடுத்து நாட்காட்டி. ஏப்ரல் நடுவில் மான்டே கார்லோ, பிறகு பார்சிலோனா, மாட்ரிட், ரோம், மே இறுதியில் பாரிஸ். சுமார் எட்டு வாரம், ஒரே வகைத் தரை, ஏறக்குறைய அதே எதிராளிகள், ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் நிலைமை. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கும் மேலே இருப்பதால் பந்து பறக்கும். கடலோர மான்டே கார்லோவில் ஈரம் பிடித்துக் கனக்கும். சென்ற வாரம் செய்த தவறை இந்த வாரம் திருத்திப் பார்க்க இப்படி ஒரு வாய்ப்பு வேறு பருவத்தில் கிடைப்பதில்லை. புல்தரைப் பருவமோ கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பிரெஞ்சு ஓப்பனுக்கும் விம்பிள்டனுக்கும் இடையில் மூன்றே வாரம். அங்கே யாரும் எதையும் புதிதாகக் கட்டுவதில்லை. கட்டியதைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

களிமண்ணும் புல்லும் எதிரெதிர் உலகங்கள், ஒன்றில் செய்த வேலை மற்றதற்கு உதவாது என்றும் சொல்வதுண்டு. பியோர்ன் போர்க் 1978, 1979, 1980 மூன்று ஆண்டும் பாரிஸை வென்ற கையோடு விம்பிள்டனையும் வென்றார். நடால் 2008, 2010. ஃபெடரர் 2009. ஜோகோவிச் 2021. அல்கராஸ் 2024. இத்தனை பேர் எதிரெதிர் உலகங்களை ஒரே கோடையில் ஆண்டது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

ஃபெடரர் பெயர் வந்துவிட்டதால், மறுதரப்பின் மிக வலுவான சான்றை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். 2017இல் அவர் களிமண் பருவத்தை முழுதாகத் தவிர்த்தார். ஜூலையில் ஒரு செட்கூட இழக்காமல் விம்பிள்டனை வென்றார். அதற்குப் பிறகு 'களிமண்ணை விடு, உடம்பைக் காப்பாற்று' என்பது வேதவாக்கானது. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபெடரர் எந்த நிலையில் இருந்தார்? ஆஸ்திரேலிய ஓப்பன், இந்தியன் வெல்ஸ், மயாமி மூன்றையும் வென்று வந்திருந்தார். உச்சத்தில் இருந்த ஆட்டத்தை, 35 வயது உடம்பில், சில வாரம் பத்திரப்படுத்தினார். அவருக்கு எதையும் மீட்க வேண்டியிருக்கவில்லை. நிறைந்த களஞ்சியத்தைப் பூட்டி வைத்தவரை, வெறுங்களஞ்சியம் வைத்திருப்பவருக்கு முன்மாதிரியாகக் காட்டுவது என்ன நியாயம்? மேலும் 2018இலும் அவர் களிமண்ணைத் தவிர்த்தார். அந்த ஆண்டு விம்பிள்டன் காலிறுதியில் இரண்டு செட் முன்னிலையும் மேட்ச் பாயின்ட்டும் இருந்தும், ஆண்டர்சனிடம் ஐந்தாவது செட்டில் 11-13 என்று தோற்றார். இந்த இரண்டாவது ஆண்டை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

நடாலின் 2015 இன்னும் கடினமான கேள்வி. அவர் தன் பதற்றத்தை மறைக்கவில்லை. கோர்ட்டில் இறங்கினால் படபடப்பு வருகிறது என்று அந்த ஆண்டு வெளிப்படையாகவே சொன்னார். பார்சிலோனாவில் ஃபோன்யினியிடம் தோல்வி, மாட்ரிட் இறுதியில் ஆண்டி மரேயிடம், ரோமில் வாவ்ரிங்காவிடம், பாரிஸ் காலிறுதியில் ஜோகோவிச்சிடம் நேர் செட்டில். இங்கே மனம்தான் சரிந்தது என்று மறுதரப்பு சொல்லும். ஒப்புக்கொள்கிறேன், பதற்றம் உண்மை. ஆனால் 2014இல் முதுகு, மணிக்கட்டு, குடல்வால் என்று அடுத்தடுத்து உடம்பு படுத்தியதன் பின்னால் வந்த பதற்றம் அது. அதிலிருந்து அவர் வெளியே வந்த வழியும் பார்க்கத் தக்கது. விம்பிள்டனில் டஸ்டின் பிரவுனிடம் தோற்றபின், கடினத்தரைக்கு ஓடாமல், ஹாம்பர்க் போய்க் களிமண்ணில் ஆடி அந்தப் பட்டத்தை வென்றார். அடுத்த வசந்தத்தில் மான்டே கார்லோவும் பார்சிலோனாவும் அவர் வசம். 2017இல் பாரிஸை ஒரு செட்கூட இழக்காமல் வென்றார். ஒரு பருவம் போதவில்லை, அதிக காலம் எடுத்தது; வேலை நடந்த இடம் அதுதான்.

இதையெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2025 இருக்கிறது. போலந்தின் இகா ஸ்வியாடெக், நான்கு முறை பிரெஞ்சு ஓப்பன் வென்றவர். அந்த வசந்தத்தில் ஸ்டுட்கார்ட்டில் ஆஸ்டபென்கோவிடம் தோற்றார், மாட்ரிட் அரையிறுதியில் கோகோ காஃபிடம் 1-6, 1-6 என்று நொறுங்கினார், ரோமில் டேனியல் காலின்ஸிடம் வீழ்ந்தார். ஓராண்டாகத் தனிநபர் போட்டி எதிலும் இறுதிக்கு வரவில்லை. அவர் மனநிலையைப் பற்றி, கூடவே பயணிக்கும் உளவியல் ஆலோசகரைப் பற்றி, புதிய பயிற்சியாளர் விம் ஃபிசெட்டைப் பற்றி எத்தனை தீர்ப்புகள்! பாரிஸில் நான்காவது சுற்றில் ரிபாகினாவுக்கு எதிராக முதல் செட் 1-6, இரண்டாவதில் 0-2. அங்கிருந்து திரும்பி 6-3, 7-5 என்று வென்றார். அரையிறுதியில் சபலென்காவிடம் மூன்றாவது செட்டை 0-6 என்று இழந்தபோது, தீர்ப்பு எழுதியவர்கள் அந்த 0-6ஐ மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரிபாகினா ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். ஐந்து வாரம் கழித்து, அதுவரை தனக்கு ஒத்துவராத தரை என்று எல்லோரும் சொன்ன புல்லில், விம்பிள்டன் இறுதியில் அமண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றார். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் அப்படி ஒரு ஸ்கோர் 1911க்குப் பிறகு வந்ததே இல்லை. உடனே 'அதிசயம்' என்றார்கள். வசந்தம் முழுக்கக் கண்ணெதிரே நடந்த வேலையைப் பார்க்காதவர்களுக்கு அது அதிசயமாகத்தான் இருக்கும்.

இந்த விவாதத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை இருப்பதற்குக் காரணம் ஜோகோவிச்சோ ஸ்வியாடெக்கோ அல்ல. அவர்கள் வென்றுவிட்டார்கள், தவறான விளக்கம் அவர்களைத் தொடாது. காரணம் தீம்.

டொமினிக் தீம் 2018, 2019 இரண்டு ஆண்டும் பாரிஸில் இறுதிக்கு வந்தவர். 2020 அமெரிக்க ஓப்பன் இறுதியில் முதல் இரண்டு செட்டையும் அலெக்சாண்டர் ஸ்வெரெவிடம் இழந்துவிட்டு, ஐந்தாவது செட் டை-பிரேக்கில் வென்றவர். மன உறுதி என்றால் அதற்கு மேல் ஒருவரிடம் கேட்க எதுவும் இல்லை. 2021 ஜூனில் மயோர்காவில் அவருடைய வலது மணிக்கட்டில் காயம் பட்டது. 2022 வசந்தத்தில் களிமண்ணுக்குத் திரும்பி, ஆட்டம் ஆட்டமாகத் தோற்றார்; பாரிஸில் முதல் சுற்றிலேயே பொலிவியாவின் ஹியூகோ டெல்லியனிடம் நேர் செட்டில். ஜோகோவிச் சென்ற அதே வழியில்தான் அவரும் சென்றார். அவருடைய மணிக்கட்டு திரும்பி வரவில்லை. அந்த ஃபோர்ஹேண்டின் முழு வேகமும் அதில்தான் இருந்தது. 2024 அக்டோபரில் வியன்னாவில், 31 வயதில், விடைபெற்றார்.

களிமண் எல்லோரையும் மீட்டுவிடும் என்று நான் சொல்லவில்லை. உடம்பு இடம் கொடுத்தால் அங்கே மீட்க முடியும். இடம் கொடுக்காவிட்டால் எந்த மலையும் கொடுக்காது. ஆனால் தீம் தோற்றுக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் நம் வர்ணனையாளர்கள் 'நம்பிக்கை இல்லை, முழு வேகத்தில் அடிக்கப் பயப்படுகிறார்' என்றே பேசினார்கள். காயம்பட்ட மணிக்கட்டோடு தினம் களத்தில் இறங்கியவரைக் கோழை என்று சொல்லாமல் சொல்வது அது. உடம்பின் குற்றத்தை மனத்தின் மேல் போட்டால், அந்த ஆட்டக்காரர் தன்னையே குற்றம் சொல்லத் தொடங்குவார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் அழுததாகவும், தன்னைத் தானே ஏமாற்றிவிட்டதாக உணர்ந்ததாகவும் ஜோகோவிச்சே பின்னர் சொன்னார். ஒரு மூட்டைச் சரிசெய்துகொண்டதற்காக அவர் ஏன் அழ வேண்டியிருந்தது? எல்லாமே மனத்தில்தான் என்று டென்னிஸ் உலகம் பல ஆண்டாக அவரிடம் சொல்லி வந்ததற்கும் அந்தக் கண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த ஏப்ரலில் பெரிய ஆட்டக்காரர் ஒருவர் பார்சிலோனாவிலோ மாட்ரிட்டிலோ இரண்டாவது சுற்றில் தோற்பார். அப்போது கேட்க வேண்டியவை இருக்கின்றன. காயம் எந்த நிலையில் இருக்கிறது? மூன்றாவது செட்டில் கால்கள் முதல் செட்டில் இருந்தது போல் நின்றனவா? சென்ற வாரம் அவசரப்பட்டு அடித்த பந்தை இந்த வாரம் பொறுத்து அடித்தாரா? தோற்ற பிறகு அடுத்த ஊருக்குப் போனாரா, வீட்டுக்குப் போனாரா? இவற்றுக்குப் பதில் தெரியாதவர்கள் அவருடைய மனத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கட்டும்.